கழுவக் கொடுத்த கால்

கால் கழுவும் பேசினில் தண்ணீர் சிவந்ததை முதலில் கண்டவர் எங்கள் பங்குக் குருவான சுவாமி. அடுத்துக் கண்டவர் பக்கத்துக் கதிரையில் இருந்த செபமாலை அண்ணை. கால் என்னுடையது. ஆனாலும் நான் மூன்றாவது ஆள்.

பெரிய வியாழன் மாலைப் பூசை அது. யேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பங்கு ஆண்கள் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் இருத்திச் சுவாமி கால் கழுவிவிடுவார். எங்கள் கரம்பொன் பக்கத்தில் பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த முறை நானும் ஒரு அப்போஸ்தலர். பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

“மரியதாஸ், உம்மட கால் வெட்டியிருக்கு,” என்று சுவாமி மெதுவாகச் சொன்னார்.

“இல்லைச் சுவாமி, வடிவாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தான் வந்தனான்,” என்றேன்.

என் நோய் இங்கேதான் தொடங்கியது என்று நெடுநாள் நம்பினேன். உண்மையில் அது அதற்கு முந்தின நாளே, எங்கள் கிணற்றடியில் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் வெளியில் சொல்வதில்லை. சுவாமி கழுவப்போகும் காலை அழுக்காகக் கொண்டுபோகக் கூடாது. பெயர் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து வீட்டுக்காரி பின்னால் நிற்பாள். தும்பு, சவர்க்காரம், தேய்க்கிற கல் எல்லாம் வரும். ஆண்டவர் கழுவியது தெருப்புழுதி படிந்த கால்களை. எங்கள் சுவாமிக்குக் கிடைப்பவை மாப்பிள்ளைக் கால்கள்.

என் கால் கல்லுக்கு மசியவில்லை. நண்டு வலையோடு சேற்றிலும் சிப்பியிலும் உழன்ற கால். சின்னவிரலுக்குக் கீழே காய்ப்புத் தோல் செருப்படி போலத் தடித்திருந்தது. நான் முகம் வழிக்கும் பிளேட்டை எடுத்து அதைச் சீவினேன். கொஞ்சமும் நோகவில்லை. கைப்பக்குவம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நோகாததற்குக் காரணம் நரம்பு மரத்தல் (நீண்ட நாள் சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோவது). எனக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடங்கள். மருந்து ஒழுங்காகத்தான் எடுத்தேன், என் மனைவி றீற்றா பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

இதை வாசிக்கிற நீங்களும் சீனி வருத்தக்காரர் என்றால், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறவாதேயுங்கள். காலில் பிளேட் வைக்காதீர்கள். காயம் நோகவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

நான் பயப்படவில்லை. பாஸ்காத் திருநாள் முடிந்ததும் காலில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனேன். உப்புத் தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்பது எங்கள் வைத்தியம். ஆற்றுவது சரி, எந்தத் திசையில் என்பதுதான் பிரச்சினை.

ஒரு நாள் றீற்றா முற்றத்தில் நின்று மூக்கைச் சுழித்தாள்.

“இவ்வளவு நாளும் நண்டு வலைதான் நாறுது எண்டு நினைச்சனான். வலையைக் கழுவிக் காயப்போட்டும் நாறுது. இஞ்சாருங்கோ, நாறுறது நீங்கள்தான்.”

பையைக் கழற்றிப் பார்த்தோம். சின்னவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சாரத்தை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன்.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் சத்தம் போட்டுக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் இளம் பெண். புண்ணை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஐயா, இது எதாலை வெட்டினது?”

“பிளேட்டாலை, டொக்டர்.”

“ஏன் வெட்டினனீங்கள்?”

“சுவாமி கால் கழுவுறதெண்டு, அதுக்கு முதல் நான் கழுவினனான்.”

அவர் நெற்றிப்பொட்டைத் தடவி யோசித்தார். “அவர்தானே கழுவப்போறார். பிறகு நீங்கள் ஏன் கழுவினனீங்கள்?”

வேதம் படித்தவர்கள் யாரும் என்னிடம் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டும் என்றார். அவை இரத்தோட்டம் இல்லாமல் இறந்துவிட்டன (தசை அழுகல்). என்புக்குள் கிருமி இறங்கியிருந்தால் (என்பு அழற்சி) விரலோடு நிற்காது. “எடுத்தாப் பிறகு புண்ணின்ர அடி சிவந்து வந்தால் கால் தப்பும். திரும்பவும் கறுத்தால் முழங்காலுக்குக் கீழ எடுக்கவேண்டி வரும். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு என்னோட கோவிக்கக் கூடாது.”

விரல்கள் போயின. பிறகு காத்திருப்பு. கடலில் காத்திருந்து பழகியவன் நான். வலை போட்டுவிட்டு வள்ளத்தில் படுத்துக் கிடந்தால் நேரம் தானாகப் போய்விடும். வார்ட்டில் அது போகவில்லை. கட்டுக்குள் சிவப்பா கறுப்பா என்று தெரியாமல், ஒரு துணிக்கட்டைப் பார்த்தபடி கிடந்தேன்.

புண்ணுக்கு மருந்து கட்டுவது வார்ட்டுத் தாதிகளான மிஸ்ஸிமாரின் வேலை. மற்றக் காலையும் கணுக்காலையும் துடைத்துவிட றீற்றா வாளியோடு வந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“விடும். ஆக்கள் பாக்கினம். மனிசியைக் கொண்டு கால் கழுவுவிக்கிறான் எண்டு சொல்லுவினம்.”

“சுவாமி கழுவேக்க மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தனீங்கள். அப்ப வெக்கம் வரேல்லையோ?”

“அது சடங்கு.”

“அப்ப இது என்ன?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் காலைப் பிடித்து இழுத்தாள்.

ஈரத் துணி படுவது தெரிந்தது, ஆனால் எங்கோ தூரத்தில், தடித்த சாரத் துணிக்கு மேலால் யாரோ தொடுவதைப் போல. நான் கூரையைப் பார்த்தேன். அந்த நற்செய்திப் பகுதியை வருடா வருடம் கேட்டவன் நான். “ஆண்டவரே, என் காலை நீர் கழுவவே கூடாது” என்று சீடர் இராயப்பர் (பேதுரு) மறுக்கும் இடம் வரும்போதெல்லாம், என்ன தாழ்மையான மனிதர் என்று நினைப்பேன். அன்று வேறு விதமாகத் தோன்றியது. அவருக்கும் அழுக்குக் காலைக் காட்ட வெட்கம். அவ்வளவுதான். அவர் வாயால் மறுத்தார். நாங்கள் கல்லாலும் தும்பாலும் மறுக்கிறோம். நான் பிளேட்டால் மறுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் புங்குடுதீவு மடத்துவெளிக் கந்தையா அண்ணை. என்னைவிட மூத்தவர், தோட்டம் செய்கிறவர், அவருக்கும் ஒரு விரல் போயிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். மனைவி இல்லை. எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“தம்பி, கழுவ ஆள் கிடக்கெண்டால் பேசாமல் காலை நீட்டும். உமக்கு வேண்டாமெண்டால் இஞ்சால அனுப்பிவிடும்.”

றீற்றா சிரித்துக்கொண்டே வாளியோடு அவரிடம் போனாள். அந்தக் கிழமை எங்கள் வார்ட்டில் நடந்த பெரிய பகிடி அதுதான்.

சுவாமி பார்க்க வந்தபோது மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். “சுவாமி, ஆண்டவர் மீன்பிடிகாரரைத்தானே தேடிக் கூப்பிட்டவர். கால் பழுதான மீன்பிடிகாரனை அவர் என்ன செய்யிறது? நான் இனி எதுக்கு?”

சுவாமி ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் கட்டிலில் வைத்திருந்த தோடம்பழத்தை (ஆரஞ்சு) எடுத்து உரித்துச் சாப்பிடத் தொடங்கினார்.

“அவர் கூப்பிடேக்க அவங்கள் வலையை விட்டிட்டெல்லோ போனவங்கள். நீர் இன்னும் வலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, என்னை ஏன் கூப்பிடேல்லை எண்டு கேக்கிறீர்.”

எனக்குக் கோபம் வந்தது. அதோடு அது எனக்குக் கொண்டுவந்த தோடம்பழம்.

அடுத்த கட்டு அவிழ்த்தபோது டொக்டர் குனிந்து பார்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். “சிவப்பு,” என்றார். “நல்ல சிவப்பு. ஐயா, கால் தப்பியிட்டுது.” றீற்றா அழுதாள். கந்தையா அண்ணை கை தட்டினார். நான் அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தேன்.

கால் தப்பியது, தொழில் தப்பவில்லை. சேற்றிலும் கடலிலும் இனி இறங்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. வள்ளத்தை றீற்றாவின் தம்பி எடுத்துக்கொண்டான். நான் வீட்டில் இருந்து ஆண்டவருக்கு எந்த வகையில் பயன்படலாம் என்று ஆராய்ந்தேன். பாடகர் குழுவில் சேர்ந்தேன். ஒரே பயிற்சியோடு, அண்ணை நீங்கள் ஓய்வெடுக்க வேணும் என்று அன்பாக அனுப்பிவிட்டார்கள். நோயாளர் வீடுகளுக்குப் போய் நீண்ட செபம் சொன்னேன். அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள். அதையும் ஒரு சேவை என்று சொல்லலாம்.

இதற்கிடையில் என் காலை றீற்றா தினமும் கழுவினாள். இளஞ்சூட்டுத் தண்ணீர், சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், காலால் அல்ல. ஊறவிடக் கூடாது. விரல் இடுக்குகளைத் துவாயால் ஒற்றி உலர்த்த வேண்டும். தேங்காயெண்ணெய் பாதத்துக்கு மட்டும், இடுக்குக்கு வேண்டாம். பிறகு அடிப்பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த இந்த முறையை, அவள் கழுவக் கழுவ நானும் படித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கந்தையா அண்ணையும் நானும் சந்திப்போம். ஒரு முறை அவர் வரவில்லை. மனம் கேட்கவில்லை. வேலணையில் பஸ் மாறி, பாலம் கடந்து மடத்துவெளிக்குப் போனேன். பெரிய கல்வீடு, அதற்குள் ஒரே ஒரு மனிதர். கத்தரிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஈரச் செருப்போடு வந்தார்.

“என்ன அண்ணை, கிளினிக்குக்கு வரேல்லை?”

“நோவு ஒண்டும் இல்லைத் தம்பி. பிறகு ஏன் வாறது?”

“அடிப்பாதத்தை ஆர் பாக்கிறது?”

“குனிய ஏலாது. மூத்தவன் வீடியோவில பாக்கிறவன். அவனுக்கு முகத்தைத்தானே காட்டுறனான்.”

குசினியில் தண்ணீர் சுடவைத்து, முழங்கையால் பார்த்து, சட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் நிலத்தில் இருந்தேன். அவர் பதறிப்போனார்.

“எழும்பும் காணும்! இதென்ன வேலை? என்னை வேதக்காரனாக்கி ஞானஸ்நானம் குடுக்கப் போறீரோ?”

“உங்களை வச்சுச் சமாளிக்க எங்கட சுவாமியால ஏலாது. பேசாமல் நீட்டுங்கோ. கழுவாத காலெண்டால் இன்னும் நல்லது.”

நீட்டினார். கழுவாத கால்தான். மண் கரைந்து போகப் போக, குதிக்காலுக்கு முன்னால் ஒரு கறுத்த புள்ளி தெரிந்தது. விரலால் தடவினேன், உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். உடைமரத்து முள் செருப்பைத் துளைத்து ஏறி, காலுக்குள் முறிந்து கிடந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. சுற்றிவர மெல்லச் சிவந்து, சூடேறியிருந்தது.

நான் அதை இழுக்கவில்லை. பிளேட் பிடித்த கையில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முள்ளை எடுத்து, மருந்து கொடுத்து, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் திரும்பவும் யாழ்ப்பாணம்தான் என்றார்கள். திரும்பி வரும்போது அவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அடுத்த கிழமையும் வருவீரோ?” என்று வெளியே பார்த்தபடி கேட்டார்.

“வருவன்.”

“கத்தரிக்காய் தாறன்.”

அன்றிலிருந்து போகிறேன். எங்கள் ஊரிலும் சிலர் இப்போது காலைக் காட்ட வருகிறார்கள். செபமாலை அண்ணை கூடக் காட்டினார், காலைவிட வாயைத்தான் கழுவ வேண்டியிருந்தது. ஒருவர் மற்றவருடைய பாதத்தைக் கழுவ வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நான் இத்தனை வருடமும் ஒரு உவமை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சட்டியையும் துவாயையும்தான் சொல்லியிருக்கிறார். நான் எதற்கு என்று கேட்டதற்கு இதைவிடப் பெரிய பதில் ஏதும் வரவில்லை. வந்தாலும் எனக்கு நேரமில்லை.

முன்பு என் நாள் காற்றைப் பார்த்துத் தொடங்கும். சோளகமா வாடையா என்று பார்த்து ஓடுவேன். இப்போது காலை வெயில் வாசலுக்கு வரும்வரை பொறுத்திருந்து, அந்த வெளிச்சத்தில் றீற்றாவிடம் காலைக் கொடுக்கிறேன். தண்ணீர் சுடுகிறதா என்று என் பாதத்துக்குத் தெரியாது, அவளுடைய முழங்கைக்குத் தெரியும். என் உடம்பின் ஒரு பகுதி அவளிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் அது இழப்பாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. கந்தையா அண்ணை.

“தம்பி, என்ர கால் இப்ப எப்பிடி இருக்கு?”

“பொறுங்கோ அண்ணை,” என்றேன். “வந்து பாத்துச் சொல்லுறன்.”