பிளரில் நின்ற பெரிய மாமா

டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. பள்ளி விட்டால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு லென்ஸ் வாங்கியிருந்தேன். அதில் எடுத்தால் முன்னால் இருப்பவர் முகம் மட்டும் பளிச்சென்று விழும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாய் உருகிவிடும். பிளர் என்பார்களே, அதுதான். அதற்காகத்தான் கேமராவே வாங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தச் சமயத்தில் அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது. வடக்கனந்தலில் இருக்கும் அக்கா வீட்டாருக்குக் குலதெய்வம் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை போகிற வழியில். வீடியோ என் பொறுப்பு என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? வேன் கிளம்பும்போதே எல்லோருக்கும் ஒரு கட்டளையும் போட்டேன்.

"யாரும் போனை நீட்டிக்கினு குறுக்க வராதீங்க. ஃப்ரேம் கெட்டுப்போயிடும்."

பாவம், அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

என் முதல் எடிட்டை முடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினேன். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், நடுவில் சேர் போட்டு உட்கார்ந்தார். சொந்தமும் அக்கம்பக்கமும் தரையில். டிவியில் மலை வந்தது, பனி வந்தது, வளைந்து வளைந்து ரோடு வந்தது. புல் நுனியில் ஒரு சொட்டு நீர் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றது.

"எப்போ ஆரம்பிக்கும்?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார்.

"ஆரம்பிச்சாச்சுங்க."

அக்காவின் நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மலையத்தான் தெனம் பாத்துக்கினு இருக்கறமே. நான் எங்க?"

"இப்ப வருவீங்க பாருங்க" என்றேன். வந்தார். அதாவது, அவருடைய ஜிமிக்கி வந்தது. ஸ்லோமோஷனில் திரை முழுக்க ஆடியது.

"இது என் கம்மல். நான் எங்க?"

வீடே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் அடுத்த ஷாட் இவர்கள் வாயை அடைத்துவிடும் என்று தைரியமாக இருந்தேன். என் தம்பி மடியில் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம். ஊசி காதைத் தொட்டதும் கன்னத்தில் உருளும் கண்ணீர். பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் வண்ண வண்ணமாகக் கரைந்திருந்தது. கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார் மாமா. "பின்னால வெள்ளையா நின்னுகினு இருக்கறது யாரு?"

"தெரியல மாமா. யாரோ நின்னிருக்காங்க."

"யாரோ இல்ல. எங்க அண்ணன்."

சிரிப்பு நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீட்டுச் சுவர் ஒன்றுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் எலவனாசூர்கோட்டைக்கே குடிபோய்விட்டார். காதுகுத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பினார்கள். யாரும் எதிர்பார்க்காமல் மலைக்கு பஸ் ஏறி வந்து, ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் பின்னால் நின்றிருக்கிறார். மாமா நிமிர்ந்தபோது இருந்தார். குழந்தையின் அழுகை ஓய்ந்தபோது இல்லை. சாப்பிடாமலே இறங்கிப் போய்விட்டார். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் அவரைக் கவனிக்கவேயில்லை. மாமா சொன்னதைச் சொந்தத்தில் பாதிப்பேர் நம்பவுமில்லை. வீடியோ வரட்டும், காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இவ்வளவு நாளும் காத்திருந்திருக்கிறார்.

"இத கொஞ்சம் தெளிவாக்க முடியுமா?"

"முடியாது மாமா. எடுக்கும்போதே அப்படித்தான் விழுந்துச்சு."

"போன்ல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்றாள் அக்கா. சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து எடுத்த கிளிப்பையெல்லாம் சலித்தேன். மாமாவின் அண்ணன் எங்குமே தெளிவாக இல்லை. கம்ப்யூட்டரில் கூர்மையைக் கூட்டக் கூட்ட முகம் ரவை உப்புமா ஆனதுதான் மிச்சம். கடைசியில் வெட்கத்தை விட்டு, அக்காவிடம் நம்பர் வாங்கி, அந்த வீடியோத் துண்டை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிய மாமா, நீங்கள் வந்தது சரியாக விழவில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் சொன்னது. பதில் மட்டும் வரவில்லை. பிறகு, நான் நம்பிக்கையை விட்டுவிட்டபோது, ஒரு குரல் பதிவு வந்தது.

"பாத்தேம்மா. பையன் நல்லா விழுந்துகிறான். நான்தான் பொகை மாதிரி இருக்கறேன். மறுபடியும் எடுக்கறதுன்னா சொல்லு, வர்றேன். எடுக்கறதுக்கு மட்டும்தான்."

எடுத்தே ஆகவேண்டும் என்று உடனே பதில் போட்டேன். மாமாவிடம் சொன்னபோது "வரட்டும்" என்றார். பெரிய மாமா வரவேண்டிய நாள் காலையில் மாமா பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினார்.

"வீடியோ எடுக்கறதுக்கு எதுக்கு மாமா கறி?"

"நீ உன் வேலையப் பாரு."

பெரிய மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் என் செல்ல லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கேமராவோடு வந்த சாதாரண லென்ஸை மாட்டினேன். குழந்தையின் கடுக்கன் முதல் கொடியில் காய்ந்த துண்டு வரை எல்லாம் தெளிவாக விழும்படி வைத்தேன். குழந்தையை நடுவில் உட்காரவைத்து இரண்டு பேரும் நின்றார்கள். இடையில் இன்னொரு ஆள் நிற்கலாம்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, ஃப்ரேமுக்குள்ள வரல" என்றேன். எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. நான் சொன்னது பொய்தான். தோளோடு தோள் பட்டதும் "சரி" என்றேன்.

மலையில் மொட்டையாக இருந்த பையனுக்கு இதற்குள் முடி முளைத்திருந்தது. இரண்டு ஷாட்டையும் ஒட்டினால் ஒரே நொடியில் தலை கறுத்துவிடும். என் கவலை எனக்கு. வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அக்கா யாரையும் கேட்காமல் இலை போட்டாள். பெரிய மாமா வாசலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், உட்கார்ந்தார். நான் கேமராவை நிறுத்தவில்லை. மாமாவே சோறு போட்டார். முகத்தைப் பார்க்காமலே குழம்பை ஊற்றினார்.

"போதும்டா" என்றார் பெரிய மாமா.

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு மாமா, காதில் விழாதவர்போல, இன்னொரு கரண்டி ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; படம் கொஞ்சம் ஆடிப்போயிற்று. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் காதுகுத்து வீடியோ பார்க்கிறீர்களா என்று மாமா கேட்கிறார். உட்காரவைத்து அவர் போட்டுக் காட்டுவது அந்தச் சாப்பாட்டை மட்டும்தான்.