அவள் ரத்தமே அளவுகோல்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் நீலக்கா என்றே கூப்பிட்டார்கள். சாயம் ஏறிய விரல்களோடு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "கையைக் கழுவினீங்களா, இல்ல தண்ணிக்குக் காட்டிட்டு வந்தீங்களா?" என்று யாராவது சீண்டுவார்கள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தம்பியும் கடைக்குள் விடும்போதே, "வெள்ளைத் துணி கிடக்கு, கையை வெச்சுடாதே" என்பான்.

வெள்ளை அணுக்களைச் சோதிப்பது அவள் வேலை. கிருமியைக் கண்டால் அவை ஒரு விஷத்தைக் கக்கும். பிராணவாயுவிலிருந்து தாமே தயாரித்துக்கொள்வது. ரத்தத்தில் மஞ்சள் சாயத்தைக் கலந்தால், விஷம் கக்கும் அணுக்கள் கருநீலமாகும். கக்காதவை வெளிறி நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். தினம் யாரிடம் போய்க் கையை நீட்டச் சொல்வது? தன் கையையே நீட்டினாள்.

அவள் ரத்தத்தில் எப்போதும் கால்வாசி அணுக்கள் வெளுத்தே கிடந்தன. சாயம் பழசு என்று நினைத்தாள். புதுச் சாயம் வந்தும் மாறாதபோது, தன் கைப்பக்குவம் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள். நாளடைவில் நல்ல ரத்தத்துக்கு அதுவே அளவாகிப்போனது.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்திலும் அக்குளிலும் கட்டி கட்டியாக வீங்கும். வளர்ந்தபின் குடலும் வீங்கியது. உள்ளே கிருமி இல்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் வீக்கம் வற்றவில்லை.

"உன் ரத்தம் சண்டைக்காரன்டா. தேவைக்கு மேல விஷத்தைக் கக்குது."

"அப்போ உன் மஞ்சத் தண்ணியில என்னோடதையும் போட்டுப் பாரேன்க்கா."

"அது கக்காத ரத்தத்தைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டு. உனக்கெதுக்கு?"

இல்லாமையும் சில நேரம் மிகுதியின் முகத்தோடு வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குடல் அடைத்துக்கொண்டு, ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

தம்பி தேறி மறுபடி கடை திறந்த பிறகு, ஒருநாள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவன் சட்டையை மடக்கிக்கொண்டு வந்தான். "இன்னிக்கு என்னோடதை எடுங்கக்கா. உங்க கையில ஊசி குத்த இடமே இல்ல." நுண்ணோக்கியில் பார்த்தாள். அத்தனையும் நீலம். சாயம் தூக்கலாகிவிட்டது என்று நினைத்து, காவலாளியின் ரத்தத்தை எடுத்தாள். அதுவும் அப்படியே. அதே சாயத்தில் தன்னுடையதைப் போட்டாள். கால்வாசி வெளுப்பு.

விஷம் கக்காத இந்தக் குறை அம்மா வழியில் வந்தால், மகளிடம் பாதியும் கால்வாசியுமாகக் கலந்து கிடக்கும். மகனுக்கு வந்தால் முழுதாக வரும். இதைப் பாடமாகப் படித்தவள்தான். பெட்டியில் முன்பு சோதித்த ரத்தத்தின் கண்ணாடித் தகடுகள் இருந்தன. நோயுள்ள பிள்ளைகளின் அம்மாக்களுடையதும் அவற்றில் உண்டு. அவர்களில் எத்தனை பேரிடம், "என்னோடது மாதிரியேதான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பாள்!

மறுநாள் தம்பியின் ரத்தத்தையும் எடுத்துவந்து சாயத்தில் போட்டாள். பெயருக்குக்கூட ஒரு நீல அணு இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் அவனிடம் சொன்னாள். அவன் தையல் மெஷினை நிறுத்தினான்.

"சண்டை ஜாஸ்தின்னியே?"

"சண்டையை நிறுத்தச் சொல்ல ஆளில்லடா. கிருமியைக் கொல்றதும் அந்த விஷம்தான், 'போதும், அடங்குங்க'ன்னு சொல்றதும் அதுதான். உனக்கு அது ஊறவே இல்ல."

"உன்னை மாதிரி அதட்ட ஒரு அக்கா உள்ளே இல்லாமப் போயிட்டா." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் ரத்தத்தைப் பற்றியும் சொன்னாள்.

அவன் துணியின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தான்.

"அப்போவே தெரிஞ்சிருந்தா, என் குடல் மிஞ்சியிருக்குமா?"

மருந்து கொடுத்திருப்பார்கள், வீக்கத்தை முன்பே அடக்கியிருப்பார்கள். உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்றும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"மிஞ்சியிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

மேசையிலிருந்து நழுவிய துணியைப் பிடிக்க அவள் கை தானாக நீண்டது.

"கையை வெச்சுடாதே" என்றான்.

எப்போதும் சொல்வதுதான். பழைய கேலியாகத்தான் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.