கேபின் லைட்டுக்கு வைத்த மஞ்சள் புள்ளி

எங்கள் வீட்டில் ஒரு பழைய லாரி இருக்கிறது. அதை லாரி என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்; ரோட்டில் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்லக் கொஞ்சம் தயங்குவார்கள். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே கம்பெனிகளின் காலிக் கூடைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற வண்டி. கதவைத் திறந்தால் கேபினுக்குள் ஒரு சின்ன லைட் எரிய வேண்டும். கொஞ்ச நாளாக அது எரியவில்லை.

எரியாவிட்டால் என்ன என்று நானும் கேட்டேன். கம்பெனி கேட்டில் வண்டியை வெளியே விடுவதற்கு முன் செக்யூரிட்டி கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில், பின்னால் எல்லாம் பார்ப்பாராம். விடியாத நேரத்தில் லைட் இல்லாமல் உள்ளே ஒன்றும் தெரியாது. "ஓரம் கட்டு" என்பார். அவர் டார்ச் தேடி எடுத்து வருவதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து மானத்தை வாங்கிவிடும். திருட்டுப்பயல் மாதிரி ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது என்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார். கூட்ரோட்டு எலக்ட்ரீஷியன் கடையில் காட்டிவிட்டு வருகிறேன் என்றார்.

"வூட்லயே ஆள் கீது, கடைக்கு எதுக்குடா?" என்றார் மாமனார்.

அந்த ஆள் நான்தான்.

எனக்கு ஊர் தெற்கே, தூத்துக்குடிப் பக்கம். படிப்பு முடிந்ததும் இங்கே வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருந்தேன். இவரைப் பிடித்துப்போய் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தேன். வேலை வல்லம் வடகாலில், கார்களுக்குள் ஓடுகிற வயர்க்கட்டு செய்கிற கம்பெனியில். பெண் என்ன செய்கிறாள் என்று வீட்டில் கேட்டபோது "காருக்கு ஒயரிங்" என்று இவர் சொல்லிவைத்தார். மாமனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீக்கடை, ரேஷன் கடை, கிருத்திகைக்கு முருகன் கோயில் வரிசை என்று எங்கே நின்றாலும், "என் மருமவ காருக்கே ஒயரிங் பண்ணுது" என்பார். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வெறும் பெருமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிள்ளை பிறந்த பிறகு நான் ஷிப்டுக்குப் போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைத்து, பேத்தியின் பாடு முழுவதும் அவர் தலையில். நியாயமான கோபம்தான். அந்தப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் மாமனார் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்: "தொழில் கத்த பொண்ண வூட்ல குந்தச் சொல்றியா?" என் வேலை அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தொழில் தெரியாது என்று ஆகிவிட்டால் நான் வீட்டில் குந்த வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த தொழிலைச் சொல்கிறேன். லைனில் ஒரு பெரிய பலகை நகர்ந்து வரும். அதில் வயர்கள் விரித்துக் கிடக்கும். கதவுக்குப் போகிற வயரின் முனையில் வெள்ளையாக ஒரு கனெக்டர். அதை அதன் ஜோடிக்குள் கட்டைவிரலால் தள்ள வேண்டும். 'டிக்' என்று சத்தம் வரும். பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வராவிட்டால் மார்க்கரால் ஒரு மஞ்சள் புள்ளி. அதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். அந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வண்டியில் கை வைப்பதற்கு முந்தின நாள் கம்பெனி பாத்ரூமில் நின்றுகொண்டு, சத்தத்தைக் குறைத்து, போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கதவு மூடும் இடத்தில், வண்டியின் சட்டத்தில், ரப்பர் போட்ட ஒரு பட்டன் இருக்குமாம். கதவு மூடினால் அது அமுங்கும், லைட் அணையும். திறந்தால் வெளியே வரும், லைட் எரியும். எங்கள் கம்பெனியில் இதைத்தான் டோர் சென்சார் என்று பெரிதாகப் பேசுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகிற வருகிற ஆட்களை வேறு கூப்பிட்டு நிறுத்தினார். வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை நீட்ட, நான் வாங்கிக்கொண்டேன். அதைப் பிடிக்கிற லட்சணத்திலேயே குட்டு உடைந்துவிடும் என்று பயந்தேன். பட்டன் துருவேறி உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் விட்டேன். பட்டன் துள்ளி வெளியே வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

பட்டனுக்குப் பின்னால் ஒரே ஒரு வயர். அதன் முனையில் வெயிலில் பழுத்துப் போன பிளாஸ்டிக் கனெக்டர். லேசாகச் செருகியதுமே லைட் எரிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டிக் சத்தம் வரவில்லை. சத்தம் வராததை எங்கள் லைனில் கைவிட்டு நகர முடியாது, சூப்பர்வைசர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு தள்ளினேன். டிக் என்றது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பையில் கிடந்த மார்க்கரை எடுத்து மஞ்சள் புள்ளியும் வைத்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் கதவைத் திறந்து திறந்து மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் லைட்டைக் காட்டினார். மாமியார் கேட்காமலேயே எனக்கு டீ கொண்டுவந்தார். "பரவால்லியே, தொழில்காரிதான்" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. டம்ளரை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வெளியே இவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வண்டி முனகியதே தவிர கிளம்பவில்லை. மூடிய கேபினுக்குள் லைட் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. வண்டியின் முகம் வீட்டைப் பார்க்காமல் ஊர் ஏரிப் பக்கம் திரும்பி நின்றதால் ராத்திரி யாரும் கவனிக்கவில்லை. பேட்டரியும் வண்டி வயசுக்காரன்தான், அத்தனை நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. இவர் பட்டனைக் கழற்றினார். கனெக்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதிலிருந்து நழுவிய வயர் முனை இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தும் லைட் எரிந்தது அதனால்தான். மஞ்சள் புள்ளி வைத்த பாதி இவர் உள்ளங்கையில் விழுந்தது.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்ட டிக், பிளாஸ்டிக் உடைந்த சத்தம். அந்தப் பழைய கனெக்டர் சும்மா செருகி வைக்கிற ரகம், அதற்கு டிக் என்ற சத்தமே கிடையாது.

நேற்றுக் கை தட்டினவர்களே வந்து வண்டியைத் தள்ளினார்கள். மாமனாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். மூச்சு இரைக்க எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான்தாம்பா சும்மா சும்மா கதவ தொறந்து மூடிக்கினு இருந்தேன். அதான் புட்டுக்கிச்சு. மருமவ நல்லாத்தான் பண்ணிச்சு."

வண்டி கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும் என்று இவர் நிற்காமல் போய்விட்டார். தள்ளினவர்களும் கலைந்தார்கள். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, எனக்கு ஒயரிங் தெரியாது" என்றேன். "நான் கம்பெனில ஒரே ஒரு பிளக்கைத்தான் தள்ளுதேன். நாள் பூரா அதைத்தான் தள்ளுதேன். வேற ஒண்ணும் தெரியாது."

அவர் சிரிப்பு போய்விட்டது. யாராவது கேட்டார்களா என்று தெருவைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வாசலில் மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்த ஒண்ண தள்றதுக்கா இந்தப் புள்ளைய வுட்டுட்டு தெனமும் ஓடுற?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"ஆமாத்தே" என்றேன்.

அவர் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "பஸ்ஸு வந்துச்சு பார்" என்றார். நான் ஓடினேன். வேலையை விடு என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் நான் சொன்ன பதில் உறைத்தது. குடும்பத்துக்காகத்தான், பிள்ளையின் படிப்புக்காகத்தான் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொல்வதுதான், அவரும் ஒத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது வாயில் வரவில்லை. அந்த பஸ்ஸும் லைனும் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பெண்களின் அரட்டையும் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன். ஓடிவரும்போது பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டியதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.