நெடுந்தீவில் சோதி நட்சத்திரமும் பலகையில் இருந்த பிழையும்

நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனிப் போதும். இந்தப் பதிவு நெடுந்தீவுக்குப் போய் நட்சத்திரம் பார்க்க நினைப்பவர்களுக்கானது. ஆனால் நான் ஏன் போனேன் என்பதை விட்டுவிட்டு எழுத முடியாது.

போனது சித்திரை மாதக் கடைசியில். காரணம் என் அக்கா. லண்டனுக்குப் போவதற்கு முன் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தவர். நாலு வருடத்துக்கு முன் லண்டனில் காலமானார். ஒன்றரை வருடம் நோயில் கிடந்தார் என்பதே எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மறைத்தவர் அவருடைய கணவர், என் அத்தான். அன்றிலிருந்து நான் அவருடன் கதைப்பதில்லை.

இந்த வருடம் அத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அக்காவின் நினைவாக ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தார். கூடவே அக்காவின் பிறந்த நட்சத்திரமான சோதியைப் பற்றி ஒரு விளக்கப் பலகை. சுவாதி என்று சொன்னால் சிலருக்கு விளங்கும், வானியலில் ஆர்க்டியூரஸ். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருகாலத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்தவர். அவர்தான் தொலைபேசியில் அழைத்தார். பலகையில் பிழை இருக்கிறதாம். இப்போது தொங்குவது துணியில் அச்சடித்த பனர்தான், ஆனால் அடுத்த கிழமை அதே வாசகத்தைக் கருங்கல்லில் வெட்டப்போகிறார்களாம். கொடுத்தவரின் மனம் நோகும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு பொய்யைக் கல்லில் ஏறவிட எனக்கு மனமில்லை. போனேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்குக் குறிகட்டுவான் பஸ் எடுத்தேன். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று ஒன்றேகால் மணித்தியாலம். நெடுந்தீவுப் படகும் நயினாதீவுப் படகும் ஒரே இறங்குதுறையில்தான் நிற்கும், கேட்டுவிட்டு ஏறுங்கள். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பினால் இதே பயணத்தில் காலைச் சாப்பாடு வயிற்றில் தங்காது.

இறங்குதுறையில் ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்தேன். பகல் முழுக்கத் தீவைச் சுற்றிக் காட்ட மூவாயிரம் கேட்டார். நட்சத்திரம் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

“வெள்ளி பாக்கவோ வந்தனீங்கள்? ஏன், யாழ்ப்பாணத்தில வெள்ளி இல்லையோ?”

வெளிச்சம் கூடிப்போய்விட்டது, தெரிவதில்லை என்றேன். “அப்ப எங்களுக்குக் கரண்ட் ஒழுங்கா வராததும் நல்லதுக்குத்தான்” என்று சிரித்தார். தீவின் குதிரைகள், பெருக்குமரம், கோட்டை எல்லாவற்றையும் பற்றி மற்றவர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். நான் அறையில் படுத்து நித்திரை கொண்டேன்.

மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானம். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. இருட்டாக்கிப் பார்க்கவேண்டிய ஒரு விஷயத்துக்கு மூன்று பெரிய மின்விளக்குகள். மாலையோடு முன்வரிசையில் அத்தான். மெலிந்திருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். நான் பலகைப் பக்கம் போய்விட்டேன்.

பலகையில் அத்தானின் பெயர் அக்காவின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிது. அதன் கீழே: “செம்மஞ்சள் நிறமாய்க் கொதிக்கும் இந்நட்சத்திரம் சூரியனைவிடப் பன்மடங்கு வெப்பமானது.”

இல்லை. கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு தோடம்பழச் செம்மஞ்சளாகும், சூடு இன்னும் ஏற ஏற வெண்மைக்குப் போகும். நட்சத்திரமும் அப்படித்தான். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு பாகை செல்சியஸ். சோதியின் மேற்பரப்பு நாலாயிரம் பாகை அளவில்தான். சூரியனைவிடக் குளிர்ந்தது. ஆனாலும் அது சூரியனைப் போல நூற்றெழுபது மடங்கு சக்தியை வெளிவிடுகிறது. சூட்டினால் அல்ல, பருமனால். அதன் குறுக்களவு சூரியனுடையதைப் போல இருபத்தைந்து மடங்கு.

திணிவைப் பார்த்தால் சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூட. அவ்வளவு பொருளும் அவ்வளவு பெரிய இடத்தில் பரந்து கிடப்பதால், சராசரியாக எடுத்தால் நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஐதானது அந்த நட்சத்திரம். நடுவிலுள்ள சிறிய கரு மட்டும் பயங்கர அடர்த்தி. கருவில் இருந்த ஐதரசன் தீர்ந்துபோனதால் வெளிப்பகுதி ஊதிக் குளிர்ந்துவிட்டது. சூரியனுக்கும் கடைசியில் இந்தக் கதிதான். தூரம் முப்பத்தேழு ஒளியாண்டுகள். இதைக் கேட்டதும் இந்த ஒளி புறப்பட்ட வருடம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை.

விளக்குகளை அணைக்க எட்டேகால் ஆயிற்று. வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளையும் திசையில் பார்வையை அப்படியே நீட்டினால் கிழக்கு வானில் முதலில் தட்டுப்படும் பிரகாசமான நட்சத்திரம் சோதி. வெறுங்கண்ணுக்கே நிறம் தெரியும். ஆசிரியை கேட்டதால் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று அதன் பருமனை நான்தான் விளக்கினேன். பார்த்த ஒரு அம்மா ஏமாந்துபோனார்.

“இவ்வளவு பெரிசெண்டியள் தம்பி. கண்ணாடிக்குள்ளயும் புள்ளிதானே?”

எந்தப் பள்ளிக்கூடத் தொலைநோக்கியிலும் புள்ளிதான் என்றேன். குவியத்தைக் கொஞ்சம் கலைத்துக் கொடுத்தேன். புள்ளி ஒரு வட்டமாக விரிய, தோடம்பழ நிறம் பளிச்சென்று வந்தது. நீங்களும் செய்து பாருங்கள். “இப்ப சரி” என்றுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தபோது அத்தான் வந்து பக்கத்தில் நின்றார். நாலு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை “பிழை.”

“எது பிழை?”

பலகையைக் காட்டி விளக்கினேன். இணையத்தில் பார்த்துத் தானே எழுதியதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: “கல்லுக்கு முதலே சொல்ல வந்தனீரோ, இல்லாட்டி எனக்குச் சொல்லிக் காட்டவோ?”

இரண்டுக்கும்தான் என்றேன். அக்காவின் நோயை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அவதான் சொல்ல வேண்டாமெண்டவ. விசாவுக்கு அலைஞ்சு, கிடக்கிற காணியையும் தம்பி வித்துப்போடுவான் எண்டு.”

“அதை நாலு வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கலாம்.”

“நீர் போன் எடுத்தனீரோ?”

எடுக்கவில்லை. அவர் சொன்னதை நம்பினேனா என்றால், பாதி.

அடுத்தநாள் காலைப் படகு ஒன்றுதான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எதிரெதிர் இருக்கைகளில் இருந்து வந்தோம். குறிகட்டுவானில் அவர் நயினாதீவுப் படகுக்குப் போனார். அங்குள்ள அம்மன் கோயிலுக்குப் போவதென்று நானும் முதலே திட்டமிட்டிருந்தேன். அவருக்காக மாற்ற ஏலாது. இருபது நிமிடப் பயணம்.

கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் நின்றேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் வழக்கம்போலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அத்தான் அக்காவின் பெயரைச் சொன்னார். “சோதி நட்சத்திரம். துலா ராசி.”

இறந்தவருக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வதில்லை. அவருக்கு இனித் திதிதான். நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதருக்கு அது தெரியாமல் இருக்காது. ஐயருக்கு விஷயம் தெரியாது; அந்தப் பெயருக்கு ஆரோக்கியமும் நீண்ட ஆயுளும் வேண்டி முடித்தார். பிழை என்று சொல்ல என் வாய்வரை வந்தது. அத்தானின் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வெளியே வந்து சட்டை போடும்போது அவரே சொன்னார்: “தெரியும். வாயில அதுதான் வருது.”

தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். கல்லுக்குச் சரியான வசனத்தை எழுதித் தரும்படி கேட்டார். கீழே “தகவல்” என்று என் பெயரையும் போடலாமாம். உண்மையைச் சொன்னால், முதல் நாள் அதைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேன்.

“என்ர பேர் வேண்டாம். அக்காவின்ர மட்டும் இருக்கட்டும். உங்கடயையும் எடுங்கோ.”

“அதுதானே பாத்தன், இன்னும் ஒண்டும் கேக்கேல்லையெண்டு.” கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றினார். “சரி. எழுதித் தாரும்.”

போகிறவர்களுக்கு: மாசியிலிருந்து சித்திரை வரை கடல் நல்லது. அமாவாசையை ஒட்டிப் போங்கள், இரவு தங்க அறையை முதலே சொல்லி வையுங்கள், காசை யாழ்ப்பாணத்திலேயே எடுத்து வையுங்கள். நுளம்புக் கடிக்கு ஏதாவது பூசாமல் வானத்தைப் பார்க்க முடியாது. சோதியைப் பார்க்க வருபவர்கள் சித்திரையில் எட்டரைக்குப் பிறகு கிழக்கே பாருங்கள்.

கல்லுக்கு நான் கொடுத்த வசனம் இது: “சோதி. சூரியனைவிடக் குளிர்ந்தது, ஆனால் மிகப் பெரியது. அதனால்தான் இவ்வளவு தூரத்திலும் எங்களுக்குத் தெரிகிறது.” வேறு பள்ளிக்கூடங்கள் எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தப் பதிவை எழுதி முடித்து, எழுதியவர் பெயர் கேட்கும் கட்டத்துக்கு வந்து கனநேரம் இருந்தேன். ஒரு மனிதரிடம் அவருடைய பெயரைக் கல்லிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பதிவிடுகிறேன்.