கருவியே இல்லாமல் வந்த படம்

என் அண்ணியின் வலது கைக்குள் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கட்டுக்கதை என்பவர்களிடம் அவர் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டுவார். அண்ணன் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டுவான். அது நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் இருவரும் தனித்தனியாகச் சொன்னபோது ஒரு சொல்கூட மாறவில்லை.

அண்ணி கம்ப்யூட்டர் சிப்புகளை ஆராய்பவர். இன்னும் யாரும் செய்யாத ஒரு சிப்பை, செய்துவிட்டதாகவே பாவித்து ஓட்டிப் பார்க்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார். ஓட்டி முடித்ததும், எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று கட்டமும் கோடுமாக அது ஒரு படம் வரைந்து தர வேண்டும். ஒரு வாரமாக அந்தப் படம் மட்டும் வரவில்லை. பதிலுக்கு ஒரே எச்சரிக்கை: ‘வரையும் கருவி இல்லை. படம் வராது.’

மற்ற கணக்கெல்லாம் சரியாகவே வந்தது. விட்டுத் தள்ளியிருக்கலாம். ஆனால் மறுநாள் அறிக்கையில் அந்தப் படம் இருந்தே ஆக வேண்டும்.

விடுமுறை நாள். சுள்ளென்ற மத்தியானம். ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. அண்ணன் பஸ் மெக்கானிக். அண்ணியை அவருடைய அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவன், காத்திருந்து காத்திருந்து பிஸ்கட் பாக்கெட்டில் பாதியைக் காலி செய்திருந்தான்.

“இன்னும் எவ்ளோ நேரம்?”

“வரையற கருவிய ஏத்திட்டா முடிஞ்சுது. அஞ்சே நிமிஷம்.”

“உன் அஞ்சு நிமிஷத்துக்கு நான் இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வந்திருக்கணும்.”

அண்ணி கருவியை, அதாவது படம் வரைகிற சின்ன மென்பொருளை, கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஓட்டினார். அதே எச்சரிக்கை. தப்பான இடத்தில் ஏற்றிவிட்டோம் என்று புரிந்தது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, நீங்கிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஓட்டினார்.

‘வரையும் கருவி இல்லை. படம் வராது.’

ஆனால்... படம் வந்திருந்தது.

“ஏங்க, நீங்க எதையாவது தொட்டீங்களா?”

“பிஸ்கட்டத் தவிர எதையும் தொடல.”

திறந்து பார்த்தார். பிராசஸர், நினைவகம், நடுவில் கோடுகள். எல்லாம் அவர் எழுதியபடியே. கீழே ஓரத்தில் மட்டும் அவர் எழுதாத ஒரு கட்டம்.

அதற்குள் ‘தோள்’ என்று இருந்தது.

கூட வேலை செய்பவர்களின் குறும்பு என்று அண்ணி நினைத்தார். தன் நிரலில் அந்தச் சொல்லைத் தேடினார். எங்கேயும் இல்லை. படத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

எச்சரிக்கை. படம். இப்போது மூன்று கட்டங்கள். தோள்... முழங்கை... மணிக்கட்டு. ஒன்றோடொன்று கோட்டால் இணைந்திருந்தன.

கர்ர்ர்...

பின் வரிசையில் ஒரு நாற்காலி தானாக உருண்டு, இவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன் எழுந்துவிட்டான்.

“போதும். மூடிட்டு வா.”

“இருங்க. தப்பு எங்கன்னு தெரியாம எப்படி வர்றது? ஒரே ஒரு தடவை.”

மூன்றாவது படத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருந்த கோடு அறுந்திருந்தது.

“என்னங்க இது, கோடு விட்டுப்போ...”

சொல்லி முடிக்கவில்லை. அண்ணியின் வலது கை விருட்டென்று மேலே போனது. அவர் தூக்கவில்லை. யாரோ தூக்கினார்கள். அந்தப் பிடி அப்படியே மேஜைமேல் அவரைக் குப்புற இழுத்துப் போட்டது. திரை சரிந்து விழுந்தது.

அண்ணன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். பஸ் சக்கரத்தைக் கழற்றுகிற கை அவனுடையது. ஓர் அங்குலம்கூட அசையவில்லை. பக்கத்திலிருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி வெறும் காற்றில் ஓங்கி அடித்தான்.

தொப்.

ஸ்டூல் அந்தரத்தில் நின்றது. சதையில் பட்டது போல.

மறுநொடி அவன் தாடையில் ஓர் அடி. வாயெல்லாம் ரத்தம்.

மளுக்...

அண்ணியின் கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது என்பான் அண்ணன்.

கீழே கிடந்த திரையில் எச்சரிக்கை வரிவரியாக ஓடியது. படம் வராது. படம் வராது. படம் வராது...

நடுவில் ஒரு புதுக் கட்டம்.

‘கழுத்து.’

அண்ணியின் தலை பின்னால் சாய்ந்தது.

கண்கள் பிதுங்கின.

அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியை வயரோடு பிடுங்கினான். தரையில் அடித்தான். மிதித்தான். தகரம் கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் சிதறும்வரை மிதித்தான்.

பிடி விட்டது.

மருத்துவமனையில் யாரும் நம்பவில்லை. நம்புவார்களா? கை உடைந்த மனைவி, வாயில் ரத்தத்தோடு முரட்டுக் கணவன். டாக்டரம்மா அண்ணனை வெளியே நிறுத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். “அவர் இல்ல, அவர்தான் என்னைக் காப்பாத்தினார்” என்று அண்ணி கத்தக் கத்த, “பயப்படாதீங்கம்மா, உண்மையைச் சொல்லுங்க” என்றார்கள். இரவு முழுக்க அண்ணன் ஸ்டேஷனில் இருந்தான்.

மறுநாள் அவர்களே விட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அண்ணன் நேராக டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டான்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு அண்ணியின் கையை எடுத்த போட்டோவை மேஜைமேல் வைத்தார். எலும்பு முறிந்த இடத்துக்கு மேலே விரல் தடம், கன்றிப்போய். கீழேயும் அதே போல.

“ஸ்டேஷன்ல எடுத்த உங்க கை அச்சை வெச்சுப் பார்த்தோம். பொருந்தல. ரெண்டு கையால புடிச்சு ஒடிச்சிருக்காங்க. ஒருத்தர்னா ஒண்ணு வலது, ஒண்ணு இடது இருக்கணும். இதுல ரெண்டுமே இடது கை.”

“அப்போ... ரெண்டு பேரா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.” அவர் பேனா முனையால் முதல் தடத்தைத் தொட்டார். பிறகு இரண்டாவதை. “இதுல மோதிர விரல் பாதிதான் இருக்கு. இதுலயும் பாதிதான்.”