அழித்துவிட்டு டீ குடிக்கப் போனவர்

நாகலூர் எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். டிஸ்க்கில் எங்கள் கணக்குக்கு ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். ஒல்லியான ஆள், பகலிலேயே மங்கி குல்லா. மவுஸைத் தொடவே இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை அடிப்பார், கையை மடியில் வைத்துக்கொண்டு அதை முணுமுணுத்துப் படிப்பார், பிறகுதான் என்டர் தட்டுவார். எனக்கு அது வராது. வயிறு எரிந்தது.

எங்கள் கணக்கு முழுவதும் இருந்த அந்தப் பகுதியை, பார்ட்டிஷனை, நீக்கினார்.

"ஏனுங்க, அழிச்சுப்போட்டீங்களா?"

"இன்னும் டிஸ்க்குல எழுதலீங்க. ஆரம்பத்தை அதே இடத்துல வெச்சு, கடைசியை மட்டும் பக்கத்துக் காலி இடத்துக்குத் தள்ளி வெச்சு மறுபடி உருவாக்கோணும். உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறனுங்க."

திரையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். டபிள்யூ என்றால் 'டிஸ்க்கில் எழுது'; அதை அடித்து என்டர் தட்டினால் நீக்கியது நீக்கியதுதான். அவர் பெயர் கெடும், முதலாளி மறுபடி என்னைத் தேடுவார். என் விரல் அந்த எழுத்தின் மேலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே அவர் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் தட்டவில்லை. அவர் வந்து, சொன்னபடியே முடித்தார். கணக்கு அப்படியே இருந்தது.

"நீங்க இருந்ததால தைரியமாப் போனனுங்க" என்றார் கிளம்பும்போது.

நம்பிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, புரியவில்லை. இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன். பார்ட்டிஷனை நீக்கிய பிறகு எழுந்துபோக மட்டும் முடியவில்லை. அந்தத் திரையோடு தனியாக இருப்பவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும்.