யாராவது ஊசி போட்டீங்களா?

செத்த மாட்டை ஏற்ற வருபவருக்கு யாரும் நாற்காலி எடுத்துப் போடுவதில்லை. வண்டிக்காரர் அதைப் பெரிதுபடுத்தியதும் இல்லை. "எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க குன்று மேல இருக்காங்க" என்பார். அவர் சொன்னது செத்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகளை. ஒரு காலத்தில் வானத்தை மறைத்த கூட்டம்; மிஞ்சியது ஒரே ஜோடி. வருடத்துக்கு ஒரே முட்டை, அதை ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். அவற்றுக்கு இரை கொண்டுபோய்ப் போடத்தான் பறவைக் காப்பகம் இவருக்குச் சம்பளம் கொடுத்தது.

ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "டாக்டர் வலிக்கு ஊசி போட்டாரா?" மாட்டுக்குப் போடும் சில வலி மருந்துகள் அது செத்த பிறகும் இறைச்சியில் தங்கிவிடும். தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, கழுத்து தொங்கி, சில நாளில் கதை முடிந்துவிடும். ஆமாம் என்று பதில் வந்தால் புதைக்கச் சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார். "சம்பளமும் வாங்கிக்கிட்டு வேலையும் வேண்டாம்னு சொல்ற ஆளு நீங்கதான்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

மனைவியின் அண்ணன் வீட்டுப் பசு செத்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"டாக்டர் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, மாப்பிள்ளை."

பசுவைக் குன்றடியில் இறக்கிவிட்டு, ஆறுதலாக ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டோமே என்று மச்சான் வீட்டுக்குத் திரும்பிப் போனார். மச்சானின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இவரே மருந்துக்கடையில வாங்கிட்டு வந்து வலி ஊசி குத்துனாரு தம்பி. அப்பவும் பிழைக்கல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு குன்றடிக்கு ஓடியபோது ஆண் பாறு வயிறு முட்டத் தின்றுவிட்டு இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெண் கூட்டில் அடையில் இருந்தது. மிச்சத்தை அவரே குழி தோண்டிப் புதைத்தார். காப்பகத்திலிருந்து மருத்துவர் வந்தார். பறவையைப் பிடிக்க வழியில்லை, பிடித்தாலும் கொடுக்க மருந்தில்லை என்றார்.

ஆணின் கழுத்து தொங்கியது. பிறகு ஒரு காலையில் குன்றடியில் விழுந்து கிடந்தது. மேலே பெண் எழுந்திருக்கவே இல்லை. முறை மாற்ற வேண்டிய ஆண் வரவில்லையே. நல்ல இறைச்சியைக் கண்ணில் படும்படி போட்டு வைத்தார். பசி தாங்காமல் அது இறங்கித் தின்ற நேரத்தில் காக்கைகள் முட்டையை உடைத்துவிட்டன. வண்டியின் படியில் உட்கார்ந்து அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

மச்சான் வந்து கூட்டை அண்ணாந்து பார்த்தார். "நீங்க டாக்டர் போட்டாரான்னுதானே கேட்டீங்க, மாப்பிள்ளை."

"ஆமா மச்சான். அப்படித்தான் கேட்டேன்."

இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "யாராவது ஊசி போட்டீங்களா?" என்று கேட்கிறார். எல்லோரும் இல்லை என்றால்தான் ஏற்றுவார். ஒத்தைப் பறவைக்கு எதுக்கு ஒரு முழு மாடு என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவர் இன்னும் முழு மாட்டையும்தான் இறக்கிவிட்டு வருகிறார்.